பதினோராவது முள்

தொட்டிக்காரர் பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். அதற்குமேல் அவரைப் படிக்க வைத்தது கண்ணாடி. பன்னிரண்டு வயதில் கண்ணாடி அறுக்கும் பட்டறையில் துடைப்பம் பிடித்தவர், பதினாறில் அறுக்கும் முனையைக் கையில் வாங்கினார், இருபத்திரண்டில் சொந்தமாக மீன்தொட்டி ஒட்ட ஆரம்பித்தார். அவர் ஒட்டிய தொட்டி ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை. ஒழுகியதாக எவனாவது சொன்னால், அவன் வேறு எங்கோ மலிவாக வாங்கிவிட்டு இவர் பெயரைச் சொல்கிறான் என்று அர்த்தம். தொட்டி விற்றவர் அதற்குள் விட மீன் விற்றார். ஆற்றுமீன் விற்றவர் கடல்மீனுக்கு வந்தார். உப்பைக் கலக்கவும், தண்ணீரின் கனத்தை அளக்கவும், பவளத் துணுக்கைச் சாகாமல் வைத்திருக்கவும் அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. செத்துப்போன மீன்கள்தான் சொல்லிக்கொடுத்தன. பட்டம் வாங்கியவர்கள் அவர் கடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சந்தேகம் கேட்டார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பவர்கள் அப்படி ஒரு கடையை வைத்துக் காட்டட்டும்.

அவருக்கு ரொம்பப் பெயர் வாங்கித் தந்தது கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை, இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்தும் நடை. குழந்தைகூட விரலை நீட்டிச் சொல்லும். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று பெர்குலா, மற்றது ஒசெல்லாரிஸ். வியாபாரத்தில் முதலாவதை அசல் என்பார்கள், இரண்டாவதைப் போலி என்பார்கள். மீனில் என்ன அசல், என்ன போலி! இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரித்தறிய மூன்று வழி. வெள்ளைப் பட்டையின் ஓரத்துக் கறுப்புக் கரை அசலுக்குத் தடிப்பாக இருக்கும், போலிக்குப் பேனாவால் இழுத்த கோடு மாதிரி இருக்கும். ஆனால் இது ஆளை ஏமாற்றும். குட்டி அசலுக்குக் கரை மெலிந்துதான் கிடக்கும். வயதான போலி சிலவற்றுக்கு மை கொட்டினதுபோல் தடித்துவிடும். இரண்டாவது, கண். நடுவிலுள்ள கறுப்பைச் சுற்றிய வளையம் அசலுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு, போலிக்குச் சாம்பல் கலந்த நிறம். மூன்றாவது, முதுகுத் துடுப்பின் முன்பாதியிலுள்ள முட்கள். அசலுக்குப் பெரும்பாலும் பத்து, போலிக்குப் பதினொன்று.

தொட்டிக்காரர் எண்ணுகிற ஆள் இல்லை. “முள்ளு எண்ணுறது கசாப்புக் கடைக்காரன் வேலை. நான் கண்ணைப் பாப்பேன், சொல்லிடுவேன்” என்பார். முப்பது வருஷம் அப்படித்தான் சொன்னார், முப்பது வருஷமும் சரியாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததுதான் கதை.

கடல்மீன் வளர்ப்போர் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவியக்கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்கும். அவரவர் மீனை வாளியில் கொண்டுவந்து, சின்னத் தொட்டிகளில் விட்டு, பெயர் எழுதிய அட்டையை முன்னால் சாய்த்து வைப்பார்கள். நடுவர் யார் என்று கூட்டம் போட்டுப் பேசும் வழக்கமே அங்கே கிடையாது. தொட்டிக்காரர்தான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார், பின்னால் செயலாளர் நோட்டுடன் நடப்பார், அதற்கும் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டம் நடக்கும்.

அந்த வருஷம் பெர்குலா பிரிவில் இரண்டே தொட்டி. ஒன்று பல் டாக்டருடையது. பன்னிரண்டு வருஷ வாடிக்கை. மீனும் தொட்டிக்காரர் கடையில் பிறந்து வளர்ந்ததுதான். கறுப்புக் கரை கண்மை தீட்டியதுபோல் இருந்தது. மற்றது ஒரு தையற்காரம்மா கொண்டுவந்தது. நாற்பது தாண்டியவர், முதல்முறையாகக் கலந்துகொள்கிறார். ஊரைக் காலி செய்துகொண்டு போன யாரோ விட்டுப்போன விரல்நகம் அளவு குட்டியை வாங்கி வளர்த்திருக்கிறார். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார்.

தொட்டிக்காரர் அந்தத் தொட்டிக்கு மூன்று முழம் தள்ளி நின்றார். “யாரோடது இது?”

“என்னோடதுங்க ஐயா.”

“அட்டையில பெர்குலான்னு போட்டிருக்கே?”

“ஆமாங்க.”

“ஒசெல்லாரிஸ் இது. போலி. கரை எங்க இருக்கு? நூலாட்டம் ஓடுது.”

தையற்காரம்மா ஒரு அடி முன்னால் வந்தார். குரல் நடுங்கினாலும் சொல்ல வந்ததை விடவில்லை. “இன்னும் சின்னதுங்க ஐயா. வளந்தா தடிக்கும்னு படிச்சேன். முள்ளும் எண்ணிப் பாத்தேன். போன்ல படம் எடுத்து, பெருசாக்கி, ஊசி முனைய வெச்சு ஒவ்வொண்ணா எண்ணினேன். பத்துதான் இருக்கு.”

“நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?”

“தைக்கிறேங்க.”

“அதான் பாத்தேன். மீனுக்குத் தையல் எண்ணியிருக்கீங்க!”

கூடம் அதிரச் சிரிப்பு. சிரிப்பு வந்தால் தொட்டிக்காரருக்கு இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாக வரும். “கண்ணைப் பாக்கணும்மா, கண்ணை. சாம்பல் பூத்துக் கெடக்கு. எனக்கு இங்க நின்னாலே தெரியுது. பக்கத்துல நிக்கிற உங்களுக்குத் தெரியல!” என்று செயலாளரின் சிவப்புப் பேனாவை வாங்கி, தையற்காரம்மாவின் அட்டையின் குறுக்கே பெரிய எழுத்தில் ‘போலி’ என்று எழுதினார்.

கோப்பை டாக்டருக்குப் போனது. பரிசு கொடுக்கும்வரைகூட தையற்காரம்மா நிற்கவில்லை. கைப்பிடிச் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினார். ஆட்கள் காலைத் தூக்கித் தூக்கி ஈரத்தைத் தாண்டிப் போனார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. அந்தம்மாவுக்குப் ‘போலியம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் பாதிப்பேர் அவரிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள். “போலியம்மா, பொத்தானாவது அசலா?” என்று வாசலில் நின்று கேட்டார்களாம். செயலாளர் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது தொட்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் வந்த நாலு பேரிடம் அவரே அதைச் சொன்னார். நூல் சிக்கினால் எப்படி இருக்கும் என்று கையால் நடித்துக்கூடக் காட்டினார்.

அதே வருஷம் அவர் மனைவி அவர் கண்ணில் விரலை விட்டு ஆட்ட ஆரம்பித்தார்.

“என்னங்க, நேத்து வெள்ளைச் சட்டைன்னு மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க.”

“மஞ்சளா? வெளுத்த வெள்ளை அது.”

“பாலுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாம குடிக்கிறீங்க. கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“நாக்குக்குத் தெரியுதில்ல, போதும். என் கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. ஊரே என் கண்ண நம்பி மீன் வாங்குது.”

“ஊரு வாங்கும். வாசப்படியில தடுக்கி விழுந்தா ஊரா வந்து தூக்கும்? நான்தானே தூக்கணும். ஆளு என்ன வெயிட்டு!”

கடைசியில் அவர் நிஜமாகவே தடுக்கினார், அதுவும் கடையில், வாடிக்கையாளர் முன்னால். மனைவி அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண்புரை என்றார்கள். இரண்டு கண்ணிலும் முற்றிப்போய், பழுப்பேறி இருக்கிறது, இத்தனை நாள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று கண் டாக்டரம்மா கேட்டார். தொட்டிக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பயந்துவிட்டார் என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

முதலில் வலது கண். கட்டுப் பிரித்த அன்று, எதிரே இருந்த மனைவியைப் பார்த்து, “உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?” என்றார்.

“உங்களோட இருந்தா கறுப்பாவா இருக்கும்?” என்றார் மனைவி. ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, கடைப்பக்கம் போகக் கூடாது என்று காவல். நாலாவது வாரம், கிட்டப் பார்க்கக் கொடுத்த புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடை திறந்தார். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்த வெள்ளையாக இருந்தது. யார் இப்போது வெள்ளையடித்தது என்று நினைத்தார்; யாரும் அடிக்கவில்லை. தண்ணீருக்குள் ஒரு நீலம் இருந்தது, பல வருஷமாகப் பார்க்காத நீலம். புதுத்துணி போட்ட பிள்ளைபோல ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கடையின் நடுவில் இருந்த பெரிய தொட்டிக்கு வந்தார்.

அதில்தான் அவருடைய ஜோடி இருந்தது. பெரியது பெண், சின்னது ஆண். ‘அசல் பெர்குலா, கடையில் பிறந்த குஞ்சுகள் கிடைக்கும்’ என்று மேலே பலகை. இரண்டு வருஷமாக அந்த ஜோடி முட்டை வைத்து, அந்தக் குஞ்சுகள்தான் பல் டாக்டர் உட்பட எத்தனையோ பேரிடம் போயிருக்கின்றன. கறுப்புக் கரை மட்டும் என்ன அழகு! பெண்மீன் வழக்கம்போல் கண்ணாடியருகே வந்து முகத்தைக் காட்டியது.

அதன் கண்வளையம் சாம்பலாக இருந்தது.

தொட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். சாம்பல்தான். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, இன்னும் புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தார். ஆரஞ்சு, கலங்கலாக இருந்தாலும் ஆரஞ்சு. இடதை மூடி வலதால் பார்த்தார். சாம்பல். வலது, இடது, வலது என்று கையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றவரை, மீன் தீனி வாங்க வந்த பெண் ஒருத்தி, “என்ன அண்ணே, கண்ணாமூச்சி விளையாடுறீங்களா?” என்று கேட்டாள். அவர் தீனியைக் கொடுத்தனுப்பினார். காசு வாங்க மறந்துபோனார். அவள்தான் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

அப்புறம் கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டார். பெண்மீனைச் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் பிடித்து விட்டு, முகம் மழிக்கிற கண்ணாடியை அதன் எதிரே காட்டினார். தன் நிழலை எதிராளி என்று நினைத்து மீன் முதுகுத் துடுப்பை நிமிர்த்தியது. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தொட்டிக்காரர் முள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதில் தடுமாறி மறுபடி ஆரம்பித்தார். பத்து. பத்துக்கு அப்புறம் இன்னொன்று நின்றது, குட்டையாக, நேராக. மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் அது அங்கேயே நின்றது. ஆண்மீனையும் பிடித்தார். அதற்கும் பதினொன்று.

முக்காலியில் உட்கார்ந்தார். மீன் மாறிப்போனது பெரிய விஷயமில்லை. மொத்த வியாபாரி தந்ததை நம்பினேன் என்று சொல்லலாம். புரை ஏமாற்றிவிட்டது என்று சொல்லலாம், யாரும் நம்புவார்கள். அவரைச் சுட்டது வேறு. ஓவியக்கூடத்தில் மூன்று முழம் தள்ளி நின்றபோது அவருக்கு அந்த மீனின் கண்ணே தெரியவில்லை. ஆரஞ்சாக ஒரு திட்டு ஆடியது, அவ்வளவுதான். கிட்டப் போய்க் குனிந்து பார்த்திருக்கலாம். குனிந்தால், தொட்டிக்காரருக்கு இப்போதெல்லாம் கிட்டப் போனால்தான் தெரிகிறது என்று நாலு பேர் பேசுவார்கள். அதற்காக, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னார். பார்வை போய்விட்டது என்று அவருக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். வெறும் கறுப்புக் கரையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஊரை ஏய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் போலி எது என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் கொதித்தது.

நாலு வகுப்போடு நின்றவனை எவனும் கைதூக்கி விடவில்லை; இந்த ஒரு கண்ணை வைத்துத்தான் மேலே வந்தார். கண் போச்சு என்றால் மிச்சம் என்ன என்று பயந்தார். பயந்தது தப்பில்லை. பயத்தை மறைக்க ஒரு பொம்பளையைத் தூக்கிக் கூட்டத்தின் நடுவில் போட்டதுதான் தப்பு.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு, “மருந்து கசக்குது” என்றார். கண்ணில் விடுகிற மருந்து எப்படிக் கசக்கும் என்று மனைவி கேட்கவில்லை. ஆனால் பார்த்த பார்வையில் அது இருந்தது. மூன்றாம் நாள் ஒரு துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையற்காரம்மா வீட்டுக்குப் போனார்.

முன்னறைதான் தையற்கடை. இரண்டு மிஷின், சுவரில் ஆணி அடித்து மாட்டிய அரைகுறைச் சட்டைகள், தரையெல்லாம் நூல். ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில் அந்தத் தொட்டி. தையற்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“வாங்க. என்ன தைக்கணும்?”

“ஒரு… சட்டை” என்று துணியை நீட்டினார்.

“நேரா நில்லுங்க. கையத் தூக்குங்க.”

தொட்டிக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பிடிபட்ட ஆள் மாதிரி நின்றார். அந்தம்மா நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து, அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். அவர் தோளுக்கு மேலாகத் தொட்டிக்காரர் மூலையைப் பார்த்தார். மீன் வளர்ந்திருந்தது. கரை தடித்திருந்தது. புதுக்கண்ணுக்கு, அந்தத் தூரத்திலேயே, வளையம் நெருப்புப் பொறிபோலத் தெரிந்தது.

“மீனு நல்லா இருக்கா?” என்றார்.

“இருக்கு. கழுத்து லூசா வேணுமா, டைட்டாவா?”

“எப்படியும் இருக்கட்டும்.”

“எப்படியும்னா தைக்க முடியாதுங்க. ஒண்ணு சொல்லுங்க.”

ஒன்று சொல்லத்தான் வந்திருந்தார். அந்த நேரம் வாசலில் யாரோ, “போலியம்மா இருக்காங்களா?” என்று கூப்பிட்டார்கள். கேலியாகக்கூட இல்லை, பழகிப்போன பெயரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. தையற்காரம்மாவும், “இருக்கேன், உள்ள வாங்க” என்றார், வேறு பெயரே இல்லாதவர் மாதிரி. தொட்டிக்காரர், “லூசாவே இருக்கட்டும்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனார். இருபது பேர் இருந்தார்கள். தையற்காரம்மா வரவில்லை, கண்காட்சிக்கு அப்புறம் அவர் கூட்டத்துக்கு வருவதேயில்லை. தொட்டிக்காரர் எழுந்து, தொண்டையைச் செருமி, “போன கண்காட்சியில ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தத் தையற்காரம்மா மீன் பெர்குலாதான். நம்ம கடை ஜோடிதான் ஒசெல்லாரிஸ். புரை இருந்ததால கண்ணு ஏமாத்திடுச்சு” என்றார். வாய்ச்சவடாலுக்கே பேர்போன மனுஷனுக்கு இவ்வளவு சொல்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அப்புறம் செயலாளர் எழுந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

“பாத்தீங்களா, இதான் பெரிய மனுஷன்!” என்றார் செயலாளர். “வேற எவன் இப்படி ஒத்துக்குவான்? புரையோடவே முப்பது வருஷம் நடுவரா இருந்திருக்காரே, நம்மளால முடியுமா?”

“அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்!” என்றான் இன்னொருவன். அடுத்த வருஷமும் அவர்தான் நடுவர் என்று அங்கேயே ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவன், “அப்ப போலியம்மாவுக்கு இனிமே என்ன பேருண்ணே? அசலம்மாவா?” என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார். மனைவியிடம் முழுக்கச் சொன்னது அன்றைக்குத்தான். கண் தெரியாமலே தெரிந்தது என்று சொன்னதையும் சேர்த்து.

மனைவி எல்லாவற்றையும் கேட்டார். “கூட்டத்துல அதச் சொன்னீங்களா?”

“எத?”

“கண்ணு தெரியலைன்னு உங்களுக்கே தெரியும்கிறத.”

“…இல்ல.”

“அதான் கைதட்டியிருக்காங்க” என்றார் மனைவி. அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலை, கடை திறக்காமல் தையற்காரம்மா வீட்டுக்குப் போனார். அவர் வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்காரர் உட்காரவில்லை.

“அம்மா, உங்க மீனு பெர்குலா. அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

தையற்காரம்மா குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்தினார். “எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சா ஏம்மா சும்மா போயிட்டீங்க? எதுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. பத்து முள்ளுன்னு சொன்னேன். நீங்கதான் சிரிக்க வெச்சீங்க.”

தொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தரையில் கிடந்த நூல் துணுக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனித்தனி நிறத்தில் தெரிந்தன. “கூட்டத்துல சொல்லிட்டேன்மா.”

“கேள்விப்பட்டேன். நேத்தே ஒருத்தர் வந்து அசலம்மான்னு கூப்பிட்டுட்டுப் போனாரு.” அவர் பாவாடையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். “என் மேல என்ன தப்புன்னு நானும் ஆறு மாசம் யோசிச்சேங்க. படிச்சுப் பாத்தது தப்பா, எண்ணிப் பாத்தது தப்பா, நாடாவோட வந்தது தப்பான்னு. உங்களுக்கு நிஜமாவே கண்ணு ஏமாத்திடுச்சுன்னா, சரி, போகட்டும், மனுஷன்தானேன்னு விட்டுடுவேன்.” நிறுத்தினார். “ஏமாத்திடுச்சா?”

கேட்ட கேள்வி அவ்வளவு மெதுவாக வந்தது. ஆம் என்றால் முடிந்துவிடும். சட்டையை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

“இல்லம்மா,” என்றார். “எனக்கு உங்க மீனோட கண்ணே தெரியல. தெரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் சாம்பல்னு அடிச்சு விட்டேன்.”

தையற்காரம்மா மூலையிலிருந்த தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தார், அழவில்லை. திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தார், அதுவும் இல்லை. “இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?” என்றார். “அவரு வெயிட்டிங் ரூம்ல கோப்பைய வெச்சிருக்காரு. பல்லு வலின்னு போனப்ப பாத்தேன். திரும்பி வந்துட்டேன். பல்லு இன்னும் வலிக்குது.”

தொட்டிக்காரர் அங்கிருந்து நேராகப் பல் டாக்டரிடம் போனார். காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் தொட்டி, அவரே ஒட்டிக்கொடுத்தது. அதன்மேல் கோப்பை, பக்கத்தில் சின்ன அட்டை: ‘சிறந்த பெர்குலா’. டாக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, முகமூடியை இறக்கி, “அடடே, நீங்களா! எந்தப் பல்லு?” என்றார்.

“பல்லு இல்லைங்க டாக்டர். மீனு.” எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். “இது ஒசெல்லாரிஸ். எண்ணிப் பாருங்க, பதினொரு முள்ளு இருக்கும். கோப்பை அந்தத் தையற்காரம்மா மீனுக்குப் போயிருக்கணும்.”

“என்ன சொல்றீங்க? அன்னைக்கு நீங்கதானே கண்ணைப் பாத்து…”

“நான் பாக்கல. எனக்குத் தெரியல. தெரியலைன்னு எனக்குத் தெரியும் டாக்டர். தெரிஞ்சே சொன்னேன்.”

இந்தத் தடவை கை தட்ட யாருமில்லை. வீங்கிய கன்னத்தோடு ஒரு கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். டாக்டரின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “வந்தவங்க எல்லார்கிட்டயும் இதக் காட்டிப் பெருமையடிச்சிருக்கேன். பன்னெண்டு வருஷமா உங்கள நம்பினேன்” என்றார். அவர் கோப்பையைத் தொடவில்லை. “நீங்களே எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு, “அடுத்து யாரு?” என்று உள்ளே போய்விட்டார்.

தொட்டிக்காரர் கோப்பையை எடுத்தார். சுற்றிக்கொள்ள ஒரு பேப்பர்கூடக் கையில் இல்லை. பகல் பதினோரு மணி, தெரு நிறைய ஜனம், வெயிலில் அந்தக் கோப்பை கண்ணாடிபோல மின்னியது. திருப்பத்தில் சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்று, “அண்ணே, மறுபடியும் பரிசா? அடி சக்கை!” என்றார்.

சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். முன்பு அவர் செய்ததெல்லாம் அதுதான். நின்றார். “என்னோடது இல்லப்பா. தையற்காரம்மாவோடது. நான் தப்பா வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். தெரிஞ்சே.”

சைக்கிள் கடைக்காரர் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். அடுத்து மருந்துக்கடை, அதற்கடுத்து பழைய பேப்பர் எடைபோடுகிற அம்மா, அப்புறம் செயலாளரின் தம்பி. ஒவ்வொருவரும் பல்லெல்லாம் தெரிய வாழ்த்தினார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் நின்று, அதே வார்த்தையைச் சொன்னார். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் காது மடல் புதிதாகக் கொதித்தது. தையற்காரம்மா வீட்டு வாசலில் துணி கொடுக்க மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவன் திரும்பி, கோப்பையைப் பார்த்து வாயைத் திறந்தான்.

அவன் கேட்பதற்கு முன்பே தொட்டிக்காரர் சொல்ல ஆரம்பித்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.